பகலுக்கு வெயில், மாலைக்கு ஆறு

செப்டம்பர் 3, செவ்வாய்

மூன்றாவது இன்வெர்ட்டர் மறுபடியும் நின்றது. இதற்கு ஒரு கூட்டம் போட்டு மதியம் வரை பேசினார்கள். நான் எழுந்து போய் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். விசிறியில் கைப்பிடி சிவப்பு மண். தட்டிவிட்டேன், ஓடியது. திரும்பி வந்தால் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

திறப்பு விழாத் தேதி முடிவாகிவிட்டது. அக்டோபர் 5, சனி. அமைச்சர் வருகிறார். அதற்குள் எல்லாம் ஓட வேண்டும் என்கிறார் நிலைய மேலாளர் காச்சாலே. "பகலுக்கு வெயில், மாலைக்கு ஆறு" என்று பெரிய பலகை எழுதக் கொடுத்திருக்கிறார்.

பலகை கிடக்கட்டும். திட்டம் சரியான திட்டம். பகல் முழுக்க ஊருக்கு மின்சாரம் பேனல்களிலிருந்து போகும், அணையில் தண்ணீர் சேரும். வெயில் இறங்கியதும் இரண்டு டர்பைன்களும் முழு வேகத்தில். மழை பொய்த்த வருஷத்திலும் தாக்குப்பிடிக்கும். மாவட்ட ஆஸ்பத்திரியில் செல்போன் வெளிச்சத்தில் தையல் போடுகிறார்கள், நானே பார்த்தேன். இனி அது நிற்கும்.

திரும்பும்போது பாலத்தில் நின்றேன். அணையில் நீர் தேக்குவதற்காக ஜூனிலிருந்து கீழே ஒரு சொட்டு விடவில்லை. விட வேண்டிய அளவு என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது, அதையும் விடவில்லை. லிகோம்பே ஆறு வெறும் படுகை. படுகை முழுக்க மக்காச்சோளம், பச்சைப் பசேலென்று. மேட்டுக்காடுகளில் எல்லாம் கருகிக் கிடக்கும்போது இங்கே ஆள் உயரம். வண்டல் மண். ஈரம் இன்னும் இருக்கிறது.

நடுவில் இருப்பது எனிஃபாவின் பாத்தி. என் மனைவியின் தங்கை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாமியார் வீட்டில் சாப்பாடு. ந்சிமா என்கிற சோளமாவுக் களி, பூசணி இலைக் கூட்டு. மாப்பிள்ளைக்கு முகம் காட்டக் கூடாது என்பது இங்கே முறை, மாமியார் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை வைத்துவிட்டுப் போனார். கல்யாணமாகி மூன்று வருஷம், இன்னும் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது.

சோளம் முத்தினால்தான் இந்த வீட்டில் டிசம்பர் வரை அடுப்பு எரியும் என்றாள் என் மனைவி டியாமிக்கே. அவள் பள்ளிக்கூடச் சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை. எனிஃபாவின் புருஷன் ஜோகன்னஸ்பர்க் போனவன் போனவன்தான்.

தேதியைச் சொன்னேன். சட்டென்று கையைப் பிடித்து அழுத்தினாள். இங்கே பேச வேண்டாம் என்று அர்த்தம்.

செப்டம்பர் 11, புதன்

நேராகவே போய்ச் சொல்லிவிட்டேன். மனைவியின் தாய்மாமன் பெய்சன் மாமரத்தடியில் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தக் குடும்பத்தில் அவர் வார்த்தைதான் வார்த்தை. அக்டோபர் அஞ்சாம் தேதி சாயங்காலம் ஆற்றில் தண்ணீர் வரும், படுகையில் யாரும் இருக்கக் கூடாது, சோளத்தை அதற்குள் பிடுங்கிவிடுங்கள். மூன்று வாக்கியம். அவர் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தாய் தந்தை சுகமா என்று விசாரித்தார். அவ்வளவுதான்.

சாயங்காலம் தகவல் வந்தது. எனக்கு ஒரு கோழி அபராதம்.

டியாமிக்கே அழுதாள். "நீங்க சொன்னது தப்புன்னு யாரும் சொல்லல. நீங்க வாயத் தொறந்ததுதான் தப்பு. பொண்ணு எடுத்த வீட்ல வந்து வாழற மாப்பிள்ள, நெலத்தப் பத்திப் பேசலாமா?"

எங்கள் வடக்கில் பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போவாள். இந்தத் தெற்கில் நான் பெண்டாட்டி ஊருக்கு வந்திருக்கிறேன். வீட்டோடு மாப்பிள்ளை. விதைக்கு வாங்கின சேவல் மாதிரி என்று எனிஃபா ஒருமுறை சொன்னாள். அணையைத் திறக்கத் தெரிந்தவன், வாயைத் திறக்கக் கூடாது. என்ன முட்டாள்தனம்.

கோழி கொடுத்தாயிற்று.

செப்டம்பர் 15, ஞாயிறு

எனிஃபாவிடம் பேசலாம். அதற்குத் தடை இல்லை. கொழுந்தியாளும் அக்கா புருஷனும் என்ன வேண்டுமானாலும் பேசலாம், எவ்வளவு மோசமாகவும். ஊரே உட்கார்ந்து கேட்டுச் சிரிக்கும்.

பாத்திக்குப் போனேன். மணலில் குழி தோண்டி, ஊறும் தண்ணீரைத் தகர வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் ஊற்றுவாளாம், இல்லாவிட்டால் வேர் வெந்துவிடுமாம். பக்கத்துப் பாத்தியில் இரண்டு பெண்கள்.

"வந்துட்டாருடி என் சின்னப் புருஷன்" என்றாள். "அக்கா சோறு போடலையா?"

நான் சிரிக்கவில்லை. அஞ்சாம் தேதி தண்ணீர் வரும் என்றேன். இடுப்புக்கு மேல் வரும், நிமிஷத்தில் வரும்.

"எனக்கு இங்க வரைக்கும் வருமா?" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "வந்தா நீச்சலடிச்சு உங்க ஆபீஸுக்கே வந்துடறேன். ரெண்டு பேரும் அங்கயே குடித்தனம் வச்சுக்கலாம். அக்கா தனியாத் தூங்கட்டும்."

பெண்கள் இருவரும் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

எனிஃபா, நான் விளையாடவில்லை என்றேன்.

"வெளையாடாத மச்சான் எதுக்கு?" வாளியைக் கையில் திணித்தாள். "ரெண்டு வாளி ஊத்திட்டுப் போங்க. அப்பவாவது நான் நம்பறேன்."

ஊற்றிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

செப்டம்பர் 16, திங்கள்

இந்த ஊரில் நேராகப் பேசினால் குற்றம், குற்றமில்லாத இடத்தில் பேசினால் வேடிக்கை.

செப்டம்பர் 19, வியாழன்

டியாமிக்கே சொன்னபடி லாஸ்டனைக் கூப்பிட்டேன். சந்தையில் தையல் மெஷின் போட்டிருக்கும் தொந்திக்காரர். கல்யாணத்தில் எனக்காகப் பேசியவர் அவர்தான். அன்றிலிருந்து எனக்கும் பெண் வீட்டுக்கும் நடுவே எது நடந்தாலும் அவர் வாய் வழியாகத்தான் போக வேண்டும். அதற்குப் பெயர் அங்கோஸ்வே. ஒரு மனிதன் தன் மாமனோடு பேச மூன்றாவது மனிதன்.

முழுக்கச் சொன்னேன். தேதி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வேகம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு திருப்பிச் சொல்லிப் பார்த்தார்: "உங்க மாப்பிள்ளை உங்க காலடில உட்கார்ந்து சொல்றார். ஆத்துத் தண்ணி விஷயமா அவர் மனசு உங்ககிட்ட வந்திருக்கு..."

காலடி எதற்கு, மனசு எதற்கு, "தண்ணி வரும், எந்திரிச்சுப் போங்க"ன்னு சொன்னாப் போதாதா என்றேன்.

"தம்பி, துணிய நேரா வெட்டினா சட்டை ஆகுமா?" என்றார்.

போகட்டும். போய்ச் சேர்ந்தால் சரி.

செப்டம்பர் 23, திங்கள்

லாஸ்டன் வந்தார். நான் லாரியில் ஏறப்போகும் நேரம். மேற்குப் பேனல் வரிசையில் கேபிள் எரிந்துவிட்டது. அவர் சைக்கிளைச் சாய்த்து, தொப்பியைக் கழற்றி, கையை மெதுவாகத் தட்டி வணங்கி, தூக்கம் எப்படி, வீடு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். சொன்னீர்களா இல்லையா என்றேன்.

"சொல்லாம இருப்பனா? ரொம்ப நல்லா ஏத்துக்கிட்டாங்க. போன தடவை மாதிரி இல்லாம இந்தத் தடவை மாப்பிள்ளை மரியாதையா வந்திருக்கார்னு பெரியவருக்குச் சந்தோஷம். எல்லாரையும் கூப்பிட்டு உட்கார்ந்து..."

இன்னும் ஏதோ சொல்ல வந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். நன்றி அண்ணே, அப்புறம் பேசலாம் என்று ஏறிவிட்டேன்.

ஒரு பாரம் குறைந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

காச்சாலேயிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, எச்சரிக்கை சங்கு. இன்னும் துறைமுகத்தில் இருக்கிறதாம். இரண்டு, டர்பைனை மெதுவாக ஏற்றலாம். முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு இன்னும் கொஞ்சம். படுகையில் யாராவது நின்றாலும் கணுக்கால் நனைந்ததும் ஏறிவிடுவார்கள்.

"அமைச்சர் பொத்தான அமுக்கிட்டு அரை மணி நேரம் நிக்கணுமா? அமுக்கினா ஊர் முழுக்க எரியணும். அதுக்குத்தான் அவர் வர்றார்."

ஆட்கள் இருந்தால் என்றேன்.

"அறிவிப்பு ஒட்டியாச்சு" என்றார். ஆங்கிலத்தில், நிலைய வாசல் கதவில். படுகையில் சோளம் போட்டவர்களில் யார் இந்த வாசலுக்கு வருகிறார்கள்?

ஆனால் பெய்சன் குடும்பத்துக்குச் சொல்லியாயிற்று. அவர் நகர்ந்தால் மற்றவர்கள் நகர்வார்கள். இங்கே அப்படித்தான்.

அக்டோபர் 2, புதன்

சோளம் அப்படியே நிற்கிறது. கதிர் பால் பிடித்திருக்கிறது. இன்னும் மூன்று வாரம் விட்டால் முத்திவிடும். பிடுங்க யாருக்குத்தான் மனசு வரும். கடைசி நாள் வரை விட்டுவைத்து, பச்சையாகவாவது ஒடித்துப்போவார்கள் போல.

டியாமிக்கேயிடம் கேட்டேன். "லாஸ்டன் போய்ப் பேசியாச்சுல்ல? இனிமே அது பெரியவங்க கையில. நடுவுல நாம பூந்து கேட்டா அவங்களை அவசரப்படுத்தற மாதிரி. இன்னொரு கோழி வேணுமா?"

வேண்டாம்.

அக்டோபர் 4, வெள்ளி

ஒத்திகை, தண்ணீர் விடாமல். எல்லாம் சரி. எண்கள் எல்லாம் சரி. தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான். ஆமாம், சந்தோஷத்தில்தான்.

அக்டோபர் 5, சனி

முழுச் சுமை எடுத்தது. முதல் முயற்சியிலேயே. பொத்தானுக்குப் பின்னால் என் கை.

அக்டோபர் 6, ஞாயிறு

எனிஃபா.

அக்டோபர் 8, செவ்வாய்

எழுத வேண்டும். இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்த்தால் நகரம் தெரியும், படுகை தெரியாது. விளக்குகள் எரிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவன் என்னைத் தூக்கிவிட்டான். கீழே தேநீரும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரரின் மகள்தான் ஓடி வந்தாள். பாலத்தடியில் கூட்டம் என்றாள்.

எனிஃபா பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். பக்கத்துப் பாத்திப் பெண்கள் இருவரும் விழாப் பார்க்கப் பாலத்துக்குப் போயிருந்தார்கள். மேலேயிருந்து கத்தினார்கள். அவள் நிமிர்ந்து அணைப் பக்கம் பார்த்தாளாம். ஓடவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்தாளாம், யாரோ சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி. அப்புறம்தான் ஓடினாள். அதற்குள் சோளமே மேலே சாய்ந்தது.

பாறைத் திருப்பத்தில் கிடைத்தாள். இறங்கித் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கை முழுக்க வண்டல். காதில் சோளக்கதிரின் பட்டு இழை.

ஏன் அங்கே இருந்தாள்? சொல்லியாச்சு. அவளிடம் சொன்னேன், மாமனிடம் சொன்னேன், ஆள் வைத்துச் சொன்னேன். யாரைத்தான் விட்டேன்? காது இல்லையா இவர்களுக்கு? ஏன்டி அங்க நின்ன?

நேற்று புதைத்தோம். மாமியார் என் பக்கம் திரும்பி அழுதார். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தேன். எனிஃபா முகம்தான்.

அக்டோபர் 10, வியாழன்

தலைமை அலுவலகத்திலிருந்து இருவர். காச்சாலே வாசல் கதவைக் காட்டினார். அறிவிப்பு இருந்தது. படம் எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

அக்டோபர் 13, ஞாயிறு

லாஸ்டன் வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் என்று நினைத்தேன். அந்தப் பேச்சு இல்லை. பாயில் உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றினார், கையை மெதுவாகத் தட்டினார், தூக்கம் எப்படி என்று கேட்டார். டியாமிக்கே தாய் வீட்டில்தான் இருக்கிறாள், நான் மட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"பெரியவர் பதில் அனுப்பியிருக்கார். மாப்பிள்ளையோட வேண்டுதலக் குடும்பம் கூடிப் பேசிச்சு. தண்ணி வர்றது நல்ல விஷயம், யாரும் மறுக்கல. ஆனா சோளம் முத்தற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க. அறுத்து முடிஞ்சதும் நாங்களே சொல்லி அனுப்பறோம், அப்புறம் தெறக்கட்டும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன வேண்டுதல் என்றேன்.

"நீங்க கேட்டதுதான் தம்பி. தண்ணி விடறதுக்கு."

"நான் கேக்கலண்ணே. சொன்னேன். தண்ணி வருதுன்னு சொன்னேன்."

"மாப்பிள்ளை சொல்றதுன்னு ஒண்ணு இருக்கா தம்பி?" அவர் குரலே எழவில்லை. "மாப்பிள்ளை ஆள் வச்சு அனுப்பினா அது கேக்கறதுதான். கேட்டா அவங்க பதில் சொல்வாங்க. பதில் போற வரைக்கும் எதுவும் நடக்காது. ஆறாம் தேதி ஞாயித்துக்கிழமை பதில்னு அன்னிக்கே சொன்னாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க லாரில ஏறிட்டீங்க."

ஆறாம் தேதி.

அப்படியானால் அஞ்சாம் தேதி சாயங்காலம் அவளுக்கு எந்தப் பயமும் இல்லை. மறுநாள்தானே பதில். பதில் போகாமல் அக்கா புருஷன் எப்படித் திறப்பான்? அணை என்னுடையது என்று நினைத்துவிட்டார்கள். கல்யாணம் பேசுவது போல, ஆடு கேட்பது போல, நான் ஆற்றைக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

இதை இப்போது வந்து ஏன் சொல்கிறீர்கள் என்று கத்தினேன்.

"பதில வாங்கிட்டேன் தம்பி. வாங்கினத வச்சுக்க முடியாது. போன ஞாயித்துக்கிழம வீட்ல பொணம் கெடந்துச்சு. அதான் இன்னிக்கு."

அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

லாரி இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால்? நின்றிருக்கும். ஹாரன்தான் அடித்தான். கேபிள் ஏற்கெனவே எரிந்துபோனது, அது எங்கே ஓடிவிடப்போகிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மீட்டர் பார்க்கப் போனேன். பிரசவ அறையில் விளக்கு, விசிறி, சுவரில் கடிகாரம். ஒரு நர்ஸ் என் சட்டையில் நிறுவனப் பெயரைப் பார்த்துவிட்டு, இந்த மாசம் இருட்டில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை, கடவுள் உங்களுக்கு ஆயுள் கொடுக்கட்டும் என்றார். திட்டம் சரியான திட்டம். இப்போதும் அதையே சொல்கிறேன். சொல்லிவிட்டு மீட்டர் எண்ணை எழுதாமலே வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 30, புதன்

மாலைகளில் டர்பைனை மெதுவாக ஏற்றுகிறேன். காச்சாலே, ஏன் முழுச் சுமைக்கு இவ்வளவு நேரம் என்றார். வால்வு இறுக்கமாக இருக்கிறது, பழகப் பழகச் சரியாகும் என்றேன். வால்வுக்கு ஒன்றுமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இயந்திரத்தைப் பற்றிப் பொய் சொன்னேன்.

நவம்பர் 3, ஞாயிறு

நிலையக் குடியிருப்பு அறைக்கு வந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. டியாமிக்கே என் சட்டைகளை மடித்து லாஸ்டனிடம் கொடுத்தனுப்பினாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். அவரிடம்கூட.

நவம்பர் 12, செவ்வாய்

இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்.

இன்று மத்தியானம் முதல் மேகம். ஊரே வெளியே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் மேகம் பேனல்களை மூடியதும் மின்சாரம் சரிந்தது, சரிந்ததும் டர்பைன்கள் தாமாகவே எடுத்துக்கொண்டன. அப்படித்தான் அமைத்திருக்கிறோம், அது சரிதான். ஆனால் தானாக எடுக்கும்போது என் மெதுவெல்லாம் கிடையாது. ஒரே வீச்சு. பட்டப்பகலில். படுகையில் பெண்கள் அதுவரை மீதிச் சோளத்தட்டைகளை அடுப்புக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பாலத்திலிருந்து கத்தினேன். மேகம் பார்க்கக் கரைக்கு ஏறியிருந்ததால் பிழைத்தார்கள்.

சங்கு இன்னும் துறைமுகத்தில்.

அமைப்பை மாற்ற வேண்டும் என்று காச்சாலேயிடம் சண்டை போட்டேன். தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம் என்றார்.

நவம்பர் 14, வியாழன்

லாஸ்டன் வந்தார். டியாமிக்கே கேட்டு வரச் சொன்னாளாம்: இன்றைக்குத் தண்ணீர் எப்போது? சொன்னேன். வெயில் இறங்கினதும், வானம் சுத்தமாக இருக்கிறது. அவர் போய்ச் சொல்வார். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கரையோரமாக நடந்து எல்லோரையும் ஏற்றிவிடுகிறாளாம். அத்தைகளை, பாட்டன்களை, யாரென்றும் பார்க்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு. பெய்சன் அவளைக் கண்டிக்கவில்லையாம்.

நவம்பர் 15, வெள்ளி

மறுபடியும் வந்தார். வெயில் இறங்கினதும்.

நவம்பர் 18, திங்கள்

வெயில் இறங்கினதும். டியாமிக்கே எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். லாஸ்டன், கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

நவம்பர் 20, புதன்

காலையிலிருந்தே தெற்கில் கறுப்பு. பேனல்கள் பாதிதான் கொடுக்கின்றன. தலைமை அலுவலகத்திலிருந்து பதில் இல்லை.

வாசலில் சைக்கிள் சத்தம். லாஸ்டன். இறங்கவில்லை. ஒரு கால் தரையில், தொப்பி தலையிலேயே. கை தட்டவில்லை, தூக்கம் எப்படி, வீடு எப்படி, ஒன்றும் இல்லை.

"எப்போ?" என்றார்.

"இன்னிக்கு மேகம்ணே. எப்ப வேணும்னாலும்."

சைக்கிளைத் திருப்பிவிட்டார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக மிதித்து நான் பார்த்ததில்லை.